வண்டி மை போட்ட ஜீப்பில் கெடாரிலிருந்து கிளியனூர் வரை

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ஐப்பசியில் எனக்குக் கிளியனூர் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். மழையில் ஏரிகள் வழிந்து திண்டிவனத்துக்கு அப்பால் பஸ் ஓடவில்லை. "நம்ம ஜீப்பு எதுக்கு இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அது மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு கழனிக்குள் போனால் அடிவயிறு வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இவர் வண்டிப் பட்டறையில், உடைந்த வில்வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி ஜீப்பின் பின்பக்கத்து வில்லில் சேர்த்து, மூன்று அங்குலம் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவர் நடையே மாறிப் போனது.

காலை ஆறு மணிக்குக் கெடாரில் கிளம்பினோம். பதினோரு மைல் தாண்டி விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே காபி குடித்தோம், ஆளுக்கு ஓரணா. அமெரிக்கா ஜீப் ஆனதால் ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் உட்கார்ந்திருந்த என்னை டிரைவர் என்று நினைத்து நாலு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை.

விக்கிரவாண்டியில் சத்தம் ஆரம்பித்தது. கிளப்பும்போதெல்லாம் அடியில் ஒரு 'டங்', அப்புறம் கடகடவென்று ஆட்டம்.

"ஒண்ணும் இல்ல, ரோட்டுல கல்லு. நீ சும்மா குந்திக்கினு வா."

"விக்கிரவாண்டிலேந்து கல்லு நம்ம கூடவே வந்துக்கினு இருக்குதுங்களா?"

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தால், என்ஜின் வேகத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகிற ஷாஃப்ட்டு ஒரு பக்கம் அறுந்து தரையில் கிடந்தது. மணி எட்டரை.

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கினார். "மாடு பூட்டி இழுத்துக்கினு போலாங்க. சாயங்காலம் திண்டிவனம் சேர்ந்துடலாம்." அப்புறம் ஷாஃப்ட்டின் முனையில் இருந்த இணைப்பு மூட்டில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். "இன்னாங்க இது, நம்ம வண்டி மை வாசனை வருது?"

என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். விஷயம் இதுதான்: மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மையை, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்ததை, பட்டறையில் அந்த மூட்டுக்குள் அடைத்திருக்கிறார். உள்ளே ஊசி ஊசியாக இருந்த உருளைகளைக் கரி அரைத்துத் தின்றுவிட்டது. பின்பக்கம் உயர்ந்ததில் ஷாஃப்ட்டு சரிவாக நின்று, மூட்டு சுற்றுக்குச் சுற்று வளைந்து வேறு தேய்ந்திருந்தது.

குனிந்தபடியே இருந்தபோதுதான் கண்ணில் பட்டது. "முன்னாடி இன்னொரு ஷாஃப்ட்டு இருக்குதே?"

"அது முன் சக்கரத்துக்கு. சேத்துல மாட்டினாத்தான் வேலை."

"அதுக்கும் மை போட்டீங்களா?"

"அது சும்மா தொங்கிக்கினு கீதே, அதுக்கு எதுக்குத் தண்டமா மைன்னு உட்டுட்டேன்."

அந்தக் கஞ்சத்தனத்தை அந்த நிமிஷம் கும்பிட்டேன். "அப்ப முன் சக்கரம் இழுக்கட்டும். அறுந்தத ஜல்தியா கழட்டுங்க."

இவர் அடியில் புகுந்து நட்டுகளைக் கழற்ற, நான் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடித்தேன். முன் சக்கரத்தை இணைக்கிற கம்பியைத் தள்ளினார். ஜீப் ஒரு முக்கு முக்கிவிட்டு நகர்ந்தது. வண்டிக்காரர் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தார், மாடுகளை மறந்துவிட்டு.

திண்டிவனம் தாண்டி ஒன்பது மைல். கிளியனூருக்கு முன்னால் ரோட்டை மூடிக்கொண்டு ஏரித் தண்ணீர் ஓடியது. மெதுவாக இறங்கினோம். கால் வைக்கிற இடம் வரை தண்ணீர் வந்தது. மடியில் ஷாஃப்ட்டு, தலையில் சர்டிபிகேட் கட்டு. நடுவில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. இவர் மிதித்த காலை எடுக்கவே இல்லை, முன் சக்கரம் எங்களை இழுத்துக் கரையேற்றியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் அம்மா முன்னால் நின்றேன். மை அப்பிய என் கையைப் பார்த்தார். "ஏம்மா, டீச்சர் வேலைக்குத்தானே வந்தே?" கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலேயே கருப்பாக என் கைநாட்டும் விழுந்தது.

மிலிட்டரி ஜீப்பை உயர்த்தி ஓட்ட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். அளவோடு உயர்த்துங்கள், ஷாஃப்ட்டு சரியச் சரிய மூட்டுக்கு ஆயுசு குறையும். கிளம்புமுன் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் கிளம்பாதீர்கள். தண்ணீரில் இறங்கி வந்தால் அன்றைக்கே கிரீஸ் அடியுங்கள். 'டங்' என்று கேட்டால் அது கல் இல்லை.

முதல் சம்பளத்தில் என்ன புடவை எடுத்தாய் என்று என் தங்கை கேட்டாள். ஒரு டின் கிரீஸ் வாங்கினேன். முன் ஷாஃப்ட்டுக்குத்தான் முதலில் அடித்தேன்.