கூர் இல்லாத உளிகள்

ஐம்பதுகளின் நடுவில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை. டாக்டர் எப்போதாவது பட்டணத்திலிருந்து ரயிலில் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டரும் நானும்தான். பாம்புக்கடி, பிரசவம், சூளையில் கால் வெந்தவர்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ரயில் நிலையத்திலிருந்து ஒரு ஆளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிளாட்பாரத்தில் சுருண்டு கிடந்தாராம். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வெயிலில் கருத்து இறுகிய உடம்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேர் கேட்டோம், ஊர் கேட்டோம். தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கூடவே ஒரு கித்தான் பை வந்தது. யாரென்று கண்டுபிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று பிரித்துப் பார்த்தோம். எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றிய இரும்புகள். உளியைப் போலப் பட்டையாக, ஒவ்வொன்றும் ஒரு அகலத்தில். எத்தனை வருஷம் அடி வாங்கினவையோ, தலைப்பக்கம் நசுங்கிப் பூப்போல விரிந்திருந்தது. ஆனால் எதற்கும் கூர் இல்லை. ஒன்றின் முனையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. காக்காய் மூக்கைப்போல வளைந்த கொக்கி ஒன்று. இரண்டு பக்கமும் இரும்புப் பூண் போட்ட நீளத் தலையுள்ள மரச் சுத்தியல் ஒன்று.

கம்பவுண்டர் கொக்கியைத் தூக்கிப் பார்த்தார். "மாட்டு டாக்டர் வேல பண்றவனா இருப்பான். சூடு போடற இரும்பு இது" என்றார். மருந்து வாங்க வந்த தச்சர் ஒருவர் பட்டை இரும்பின் முனையைக் கட்டை விரலால் தடவினார்.

"உளி மாரிதான் கீது. ஆனா உளி இல்ல நர்ஸம்மா. இத வச்சிக்கினு வாழப்பழத்தக்கூட அறுக்க முடியாது."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ பத்தரமா சுத்தி வச்சிருக்கான்?" என்றார் கம்பவுண்டர்.

ஆதரவில்லாத ஆள் என்று தகவல் போயிருந்ததால், மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பையைக் கொட்டினார். கொக்கியைப் பார்த்ததும் அவருக்கு வேறு யோசனையே வரவில்லை.

"கன்னம் வக்கிறவன்யா இவன். செவுத்துல செங்கல்ல நெம்பற சாமான் இது. கூரா இருந்தா சத்தம் வரும், அதான் மொக்கையா வச்சிகினு கீறான்."

"பேச்சு வராம, கை கால் விழுந்து கெடக்கறாருங்க" என்றேன்.

"நடிப்பா இருக்கும். நல்லா கீற கையக் கட்டில்ல கட்டிப் போடுங்க. ஆள் எய்ந்தா சொல்லி அனுப்புங்க."

பேஜாரு வேண்டாம் என்று கம்பவுண்டர் பட்டைத் துணியால் அவருடைய இடது கையைக் கட்டில் காலோடு கட்டினார். அந்த மனிதர் கட்டப்படுகிற தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்று மாலைக்குள் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் பாத்திரங்களை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். திருடன் என்று ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவருக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

உடம்பு துடைக்கவும் கஞ்சி ஊட்டவும் மட்டும் நான் கட்டை அவிழ்ப்பேன். மணிக்கட்டில் தோல் கன்றிப்போயிருந்தது. ஒரு நாள் பாயை மாற்றுவதற்காக அவரைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது, என் தட்டிலிருந்த பஞ்சை எடுத்துத் தொடையில் வைத்து இடது உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தார். பஞ்சு திரியாக நீண்டது. அதைப் பெஞ்சின் இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கின்மேல் வைத்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பையைப் பார்த்து முனகினார்.

இரும்புகளை அவர் முன்னால் பரப்பினேன். மெல்லிய பட்டை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ஒரே கையால் இரும்பைப் பிடிக்கவும் சுத்தியலால் அடிக்கவும் முடியாதே. அவர் காட்டிய இடத்தில் இரும்பை நான் பிடித்துக்கொண்டேன். இடது கையால் அவர் தட்டினார். பழக்கமில்லாத கை, இரண்டு அடி என் விரலிலும் பட்டது. பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இடுக்குக்குள் இறங்கியது. பிறகு பள்ளம் ஓடிய இரும்பைக் காட்டினார். அதை வைத்துத் தட்டியதும் பஞ்சு பலகையோடு பலகையாகப் படிந்துவிட்டது. கடைசியில் டம்ளரை எடுத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் புகாமல் பலகை அடைக்கிற வேலை என்றால் தோணியைத் தவிர வேறென்ன. கம்பவுண்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "போலீஸ்காரன் சொல்ற வரிக்கும் கட்ட அவுக்கக் கூடாதும்மா. என் வேல போயிடும்" என்றார். மறுபடியும் கட்டினார். இந்த முறை தளர்த்திக் கட்டினார், அவ்வளவுதான்.

எனக்கு லீவு கிடைத்த நாளில் அந்தப் பள்ளம் ஓடிய இரும்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, பொன்னேரிக்குப் போய் அங்கிருந்து பஸ்ஸில் தோணிகள் நிற்கிற கடற்கரை ஊரான பழவேற்காட்டுக்குப் போனேன். தோணி வைத்திருக்கிற வீடு எது என்று விசாரித்ததில், மீன்காரப் பெண் ஒருத்தி ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டைக் காட்டினாள். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் வாசலுக்கு வந்தார். துணியைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

"இது உங்க கையில எப்டிம்மா வந்துது?"

"இது இன்னான்னு தெரியுங்களா?"

"கலப்பத்து உளி. தோணிப் பலகைங்க நடுவுல பஞ்சு அடிச்சி ஏத்தறது. கூரா இருந்தா பஞ்சு அறுந்துடும்மா, அதான் மொக்கையா வப்பாங்க. இந்த உளிக்காரரு எங்க?"

அந்தக் கொக்கி பற்றியும் கேட்டேன். மக்கிப்போன பழைய பஞ்சை இடுக்கிலிருந்து பிடுங்கி எடுக்க என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கையைக் கட்டியதையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் கடலூர்த் துறைமுகத்துக்காரர். வருஷா வருஷம் வந்து இவர்களுடைய தோணியைப் பழுது பார்ப்பவர். இந்த வருஷமும் வேலையை முடித்துக்கொண்டு, பொன்னேரியில் பட்டணத்து ரயில் பிடிப்பதாகச் சொல்லிப் புறப்பட்டிருக்கிறார்.

"கவரப்பேட்ட பட்டணத்துக்கு எதிர்ப்பக்கம் இல்ல கீது? தப்பு வண்டியில ஏறிட்டாரோ இன்னாவோ. அப்பவே தல சுத்தி இருக்கும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவரு ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டாருன்னு நான் நெனச்சிகினு கீறேன். இன்னும் வேல முடியலன்னு அவங்க ஊட்ல நெனச்சிகினு இருப்பாங்க. ஆளு காணாம போனதே யாருக்கும் தெரியலியேம்மா."

அன்றே என்னோடு கிளம்பி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பேரை நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். படுத்திருந்தவரின் வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியவரே குனிந்து கட்டை அவிழ்த்தார். கம்பவுண்டர் அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பிறகு வந்த கான்ஸ்டபிள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்டியா, சரி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பெரியவர் கடலூருக்கு ஆள் அனுப்பினார். மனைவியும் அவளுடைய தம்பியும் வந்து சேர்வதற்குள் அவருக்கு இரண்டாவது முறையாகப் பக்கவாதம் தாக்கிவிட்டது. கண் திறக்கவில்லை. அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னம்மா காயம்?"

"கட்டி வச்சிருந்தாங்க."

"எதுக்கு?"

"பையில இருந்த சாமான் என்னன்னு யாருக்கும் தெரியல. திருடன்னு நெனச்சிட்டாங்க."

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பால் அந்த மணிக்கட்டை மூடினாள். பிறகு, "என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். அவருக்குப் பேச்சே இல்லை என்று சொன்னேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். கடலூர்வரை உடலைக் கொண்டுபோக வழியில்லை. பழவேற்காட்டுப் பெரியவர் வண்டியும் விறகும் ஏற்பாடு செய்தார். ஊர்ச் சுடுகாட்டில் தம்பிதான் கொள்ளி வைத்தான். பெரியவர் தள்ளி நின்று, நெருப்பு அடங்கும்வரை போகாமல் இருந்தார்.

அவர்களை ரயிலேற்ற நானும் நிலையத்துக்குப் போனேன். தம்பி பையைத் தோளில் மாட்டியிருந்தான். வண்டி தூரத்தில் தெரிந்தபோது அந்த அம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் நல்லா சாப்ட்டுகினு இருந்தேம்மா. நல்லா தூங்கினேன். அவரு இங்க கட்டிப் போட்டுக் கெடக்கச்சொல்ல பக்கத்து ஊட்டுக் கல்யாணத்துக்குப் போய் சிரிச்சிப் பேசிகினு இருந்தேன். ஒரு நாளுகூட மனசுல எதுவும் தோணலியே. ஏம்மா தோணல?"

வண்டி வந்து நின்றது. கூட்டத்தில் தம்பி அவளை உள்ளே தள்ளி ஏற்றினான். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அவள் முகத்தை அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. வண்டி போனதும் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாலை நேரத்து ஊசிகள் பாக்கி இருந்ததால், நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.