விண்கலத்தில் ஸ்பேனர் தொலைவதில்லை

"எண்ணினியா சார்? ஒம்போது போல்ட்டு கயட்டினான், நாலுதான் மாட்னான்!" இடைவேளை விளக்கு எரிந்ததும் எங்கள் ஃபோர்மேன் சொன்ன முதல் வார்த்தை இது. திரையில் அப்போதுதான், அவசரமாகப் பழுதுபார்த்ததில், ஒரு விண்கலம் அழிவிலிருந்து தப்பியிருந்தது. ராயபுரத்துத் தியேட்டரில் முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் நான் இன்ஜினியர். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படம் பிடிக்காமல் திட்டுகிறவர் அல்ல ஃபோர்மேன். விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் வாரமே டிக்கெட் எடுத்துவிடுவார். பார்த்துவிட்டு ஒரு மாதம் குறை சொல்வார். படத்தில் எந்த போல்ட்டும் இறுகிப்போயிருப்பதில்லை, தொட்டதும் கழன்று வருகிறது. "ஸ்பேர் இன்னும் வரலை" என்று யாரும் கையைப் பிசைவதில்லை. நாலு மணி நேரம் ஆகும் என்கிறார் இன்ஜினியர், பத்து நிமிடம்தான் என்கிறார் கேப்டன், பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. "இந்தப் படத்தை நம்ம கேப்டனுங்களும் பார்க்கறாங்கோ சார், அதான் பேஜாரு" என்பார். வானத்தில் உப்புக் காற்று இல்லை, துருப்பிடிக்காது என்று நான் வக்காலத்து வாங்கினேன். "துரு இல்ல, சரி. ஆளுக்கு அவசரம் கீதுல்ல? அவசரத்துல எதுனா உட்டுடுவான்ல?" என்றார்.

அவருக்கு ஆறவே ஆறாத கோபம் ஒன்று உண்டு. வேலை முடிந்து மூடும்போது படத்தில் ஒருத்தனும் சாமானை எண்ணுவதில்லை. எங்கள் யார்டில் எந்த இயந்திரத்தை மூடுவதற்கு முன்பும் எல்லாக் கருவிகளையும் கோணிமேல் பரப்பி வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்று ஆரம்பித்து, "ரெண்டு, மூணு" என்று காய்கறி மண்டியில் எண்ணுவதுபோல எண்ணுவார். கேட்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த சனிக்கிழமையும் அப்படித்தான் எண்ணினார். ராயபுரம் கோயிலை ஒட்டிய ஹாலில் ஐந்து மணிக்கு விசேஷம். ஒரு சரக்குக் கப்பலின் பம்பை மூடிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். மூடியை இறுக்கியாயிற்று. மூடுவதற்கு முன் எண்ண வேண்டியதை அன்று அவசரத்தில் மூடிய பிறகு எண்ணினோம். பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்றுதான் இருந்தது. சின்ன ஸ்பேனர் ஒன்றைக் காணோம்.

"நீங்க கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். கேப்டன் வேறு மேலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் பம்பையே பார்த்தார். "உள்ள மாட்டிகினு இருந்தா? நடுக்கடல்ல பம்பு ஒடைஞ்சு இன்ஜின் நின்னா, மேல கீறவன் இன்னா பண்ணுவான்?" இறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி கழற்றினோம். கையை விட்டுத் துழாவினோம், டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. திரும்ப மூடி, ஓட்டிப் பார்த்து முடித்தபோது மணி ஐந்தரை. ஹாலிலிருந்து வந்த ஆறாவது போனில், "எனக்காக நிக்க வேணாம், மோதிரம் மாத்திக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கைகழுவக் குழாயடியில் குனிந்தபோது என் தொடையில் ஏதோ குத்தியது. கால்சட்டையின் பக்கப் பையில் அந்த ஸ்பேனர் இருந்தது. நான்தான் எடுத்துச் செருகிவிட்டு மறந்திருக்கிறேன். பக்கத்திலேயே கடல். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு ஓடிப்போய், பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்த ஃபோர்மேனிடம் நீட்டினேன்.

அவர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறு வண்டில. எம்பொண்ணாண்ட நீயே வந்து சொல்லு." எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலில் யாரும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கையில் இரண்டாவது சுற்றுக் காபி. மோதிரத் தட்டு அப்படியே இருந்தது. அழுக்கு உடுப்போடு எல்லார் முன்னாலும் நின்று, "தப்பு என்னோடது" என்று முழுக்கதையும் ஒப்பித்தேன். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்பேனரா? நாங்க ஒரு நாள் பூரா தேடிக்கீறோம் சார், உக்காருங்க!"

மகள் என் பக்கமே திரும்பவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்ற அப்பாவிடம் போனாள்.

"கையெல்லாம் ஆயிலும்மா, கயுவிட்டு வந்துடறேன். மாத்திக்கச் சொன்னேனே..."

"மூணு தபா கேட்டாங்கோ நைனா, ஆரம்பிக்கலாமான்னு. மூணு தபாவும் நான்தான் வேணாம்னேன்."

எந்தக் கேப்டனிடமும் வாயை மூடாத மனிதர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார், கன்னமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. அவள் பட்டுப் புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.