ஏழாவது வாசல் காவல்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காவல்காரனைக் கொன்றுவிட்டார்கள். பதறாதீர்கள், விளையாட்டில்தான். நான் தென்காசியில் என் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கதை நடத்துகிறேன். ஆடுகிற நான்கு பேரும் நான்கு ஊர்களில் இருக்கிறார்கள், திரையில் நான்கு சதுரங்களாகத் தெரிகிறார்கள். "கோட்டை வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள், ஒரு சதுரத்திலிருந்து "அம்பு விடுறேன் ப்ரோ" என்று குரல் வந்தது. பகடை உருண்டது, பதினெட்டு விழுந்தது, ஆள் காலி. விதிப்படி எல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வந்த எரிச்சல் அடங்கவில்லை. நெட் சரியில்லை என்று பொய் சொல்லி கேமராவை அணைத்துவிட்டுத்தான் மீதி ஆட்டத்தை நடத்தினேன்.

முடிந்ததும் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தேன். திறந்ததும் நல்லெண்ணெயும் ஏதோ மூலிகையும் கலந்த வாடை குப்பென்று வந்தது. கீழேயிருந்து என் மனைவி, "என்ன, குத்தாலத்து எண்ண வாட வருது? தலைக்குத் தேச்சிருக்கியளா?" என்று கேட்டாள். தலைக்குத் தேய்க்கவில்லை. ஒரு கோட்டையின் வரைபடத்துக்குத் தேய்த்திருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக நான்கு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று நடத்துகிறவர் கேட்பார். உடைக்கிறேன் என்றால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும், சின்ன எண் விழுந்தால் தோள் உடையும். கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும்போது விடுதியில் ஒரு சீனியர் இதைக் கற்றுக்கொடுத்தார். பொறியியலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அங்கே நான் ஒழுங்காகவே கற்றேன்.

நான்கு பாடங்கள் பாக்கியோடு ஊர் திரும்பி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் "அருவில தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள், "விழுகிறது சார்" என்பேன். என் வேலை அதுதான். எதையும் தொடங்கி முடித்துப் பழக்கமில்லாதவன் நான். படிப்பு பாதி, இந்தி பாதி, கராத்தே கால்வாசி. ஒரு கதையையாவது முழுசாக நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அப்போது ஒரு வெறி பிடித்துக்கொண்டது. பழைய ரெஜிஸ்டர்களின் வெற்றுப் பக்கங்களில் எழுதினேன். மழையைப் பூட்டிவைத்திருக்கும் ஓர் அரசன். அவனுக்கு ஏழு வாசல் கோட்டை. வாசலுக்கு ஒரு காவல்காரன். ஏழு பேரையும் வென்று உள்ளே போய் அரசனோடு மோதினால் மழைக்கு விடுதலை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே பத்து நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

ஆள் சேர்க்க வேண்டுமே. பாத்திரப் படிவத்தை நகலெடுக்கத் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன ஸ்கீம்ணே இது? பேரு, இனம், பலம், அறிவுன்னு போட்டுருக்கு. இனத்துக்கு சர்ட்டிபிகேட் வைக்கணுமா?"

"அது வேற. மனுசனா, குள்ளனா, அரக்கனான்னு எழுதணும்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடைசித் தேதி எப்ப?" என்று கேட்டாள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் செல்வி. சொந்த ஊர் சுரண்டை. போலீஸ் தேர்வு எழுதிவிட்டு, காலையில் மைதானத்தில் ஓடிப் பழகி, மதியம் வரை கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆள் கணேசன். இலத்தூர்க்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். சுற்றுலாக்காரர்களை அருவி அருவியாகக் கொண்டுபோகும் வேன் ஓட்டினான். மூன்றாமவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அருவிக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பெஞ்சு போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் கொட்டகை சும்மா கிடக்கும். தை மாதம் ஒரு புதன்கிழமை மதியம் அங்கேதான் தொடங்கினோம்.

முதல் வாசலிலேயே எனக்கு விளங்கிவிட்டது, நான் தப்பான ஊரில் கடை போட்டிருக்கிறேன் என்று. "ஈட்டியோடு ஒரு காவல்காரன் நிற்கிறான். என்ன செய்கிறீர்கள்?" என்று கம்பீரமாகக் கேட்டேன். வாளை உருவுவார்கள் என்று பார்த்தால், செல்வி முன்னால் குனிந்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி அங்கே யார் வீடு. இது தெரியாமல் பஸ்ஸில் பக்கத்தில்கூட நிம்மதியாக உட்கார மாட்டோம். ஆனால் ஈட்டி வைத்திருப்பவனிடமுமா? நான் அதற்கு எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. வாயில் வந்ததை, "இலத்தூர்" என்று சொல்லித்தொலைத்தேன். கணேசன் துள்ளி எழுந்துவிட்டான். "எங்கூரா? யாரு மகன்லே? கீழத்தெருவா, மேலத்தெருவா?" அப்புறம் அரை மணி நேரம் அந்தக் காவல்காரனின் சித்தப்பா, மாமா, விற்ற வயல் எல்லாம் நான் உண்டாக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அவனே கதவைத் திறந்துவிட்டு, இரண்டாவது வாசலுக்குக் குறுக்கு வழியும் சொல்லி அனுப்பினான். பகடையைத் தொடவே இல்லை.

"ஒரு அடியாவது அடிங்க!" என்று கெஞ்சினேன்.

"ஊரு தெரிஞ்ச ஆள எப்படிண்ணே அடிக்க?" என்றாள் செல்வி.

இரண்டாவது வாசலில் ஒரு ராட்சசனை நிறுத்தினேன். ராட்சசனுக்கு ஊர் கேட்க மாட்டார்கள் அல்லவா? கேட்கவில்லைதான். ஆனால் சுடலைமுத்து அண்ணாச்சி அவன் எப்படி நிற்கிறான், எந்தப் பக்கம் சாய்கிறான் என்று விசாரித்தார். "இவனுக்கு வலது தோள்ல புடிப்பு இருக்கு. அதான் இப்படிக் கத்துதான். குப்புறப் படுக்கச் சொல்லுங்க" என்றார். பகடையை உருட்டினார், இருபது விழுந்தது. இருபது விழுந்தால் நடத்துகிறவன் ஒன்றும் செய்ய முடியாது. மழையைப் பூட்டிய அரசனின் ராட்சசன் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டான். அண்ணாச்சி எடுத்த பாத்திரம் கோடரி வீரன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடரியை அவர் ஒரு நாளும் தூக்கவில்லை.

கணேசன் தனி ரகம். அவர்களுக்கு ஒரு மாட்டுவண்டி கொடுத்திருந்தேன், என் புத்தி. ஒவ்வொரு வாசலிலும், "எல்லாரும் உள்ள போயிட்டா வண்டிய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்பான். வண்டியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொன்னால், "அத நீ சொல்லாத. ஐந்தருவில வண்டி களவு போனத நான் பாத்தவன்" என்பான். அதனால் எப்போதும் ஒருவர் வண்டியோடு வெளியே நிற்பார். மூன்று வீரர்களில் ஒருவர் நிரந்தரக் காவல் என்றால் எப்படிச் சண்டை நடக்கும்?

இப்படியே ஆறு வாசல் கடக்க ஆனி மாதம் வந்துவிட்டது. அதோடு சாரலும் வந்தது, சீசனும் வந்தது. சீசனில் குற்றாலத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரம் கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. மலையில் மழை கனத்து அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்டால் அண்ணாச்சிக்குத் தேய்க்க ஆளில்லை, கணேசனுக்கு ஓட்டமில்லை. ஊரே தடை எப்போது நீங்கும் என்று காத்திருக்க, நாங்கள் நான்கு பேர் மட்டும் எப்போது போடுவார்கள் என்று காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்விக்குப் போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. திங்கள்கிழமை பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் போய்விட்டால் கதை அவ்வளவுதான். இதுவும் பாதியிலே நின்ற கணக்கில் சேர்ந்துவிடும். சனிக்கிழமை காலை தடை போட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், லாட்ஜில் கை தட்டிவிட்டேன். குளிக்க முடியாத கோபத்தில் நின்றிருந்த ஒரு குடும்பம் என்னை முறைத்துப் பார்த்தது.

மதியம் வேலை முடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். எண்ணெய்ப் பெஞ்சின் மேல் வரைபடத்தை விரித்தோம். இந்த முறை நான் ஏமாறத் தயாரில்லை. ஏழாவது காவல்காரனைப் பற்றி, 'பேச மாட்டான், வாளை ஓங்குவான்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன்.

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்றாள் செல்வி.

"பதில் இல்லை. வாளை ஓங்குகிறான்."

"சாப்ட்டாச்சா?"

"பதில் இல்லை!"

"எத்தன மணி நேரமா நிக்கான்?" என்று சுடலைமுத்து அண்ணாச்சி கேட்டார். "நிக்க நிப்பே சரியில்லயே, இடுப்பு புடிச்சிருக்கும் போல."

"நான் வண்டிகிட்ட இருக்கேன்" என்றான் கணேசன்.

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். அடிக்க மட்டும் மாட்டேன் என்கிறார்கள். அப்போதுதான் வெளியே விசில் சத்தம், "விட்டாச்சு! விட்டாச்சு!" என்று கூச்சல். தடை நீங்கிவிட்டது. ஜனம் துண்டோடு அருவியை நோக்கி ஓடுகிறது. கொட்டகை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கு பேர் வந்து நின்றுவிட்டார்கள். கணேசனின் போன் அடிக்கத் தொடங்கியது.

நான் கத்திவிட்டேன். "அவனுக்கு ஊரும் கெடையாது, பேரும் கெடையாது! அவன் வெறும் காவக்காரன்! வெட்டிப் போட்டுட்டு உள்ள போங்க! எட்டு மாசம், எட்டு மாசமா என் உயிர எடுக்கீங்க!"

தை முதல் ஆனி வரை எட்டு மாதம் கிடையாது. கோபத்தில் கணக்கு வரவில்லை. செல்வி தன் படிவத்தை நான்காக மடித்து என் ஃபைலுக்குள் வைத்தாள்.

"ஊரு இல்லாம யாருண்ணே இருக்கா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதற்குள் ஒரு கனத்த ஆசாமி பெஞ்சில் ஏறிக் குப்புறப் படுத்துவிட்டார், என் கோட்டையின் மேலேயே. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணெயை ஊற்றினார். செல்வி பஸ் பிடிக்கப் போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வரைபடம் எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் ஒரு மதியம் புது எண்ணிலிருந்து போன் வந்தது. செல்விதான். பயிற்சி முடிந்து, சென்னையில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் பாரா நிற்கப் போட்டிருந்தார்களாம்.

"துப்பாக்கியப் புடிச்சுக்கிட்டு காலைலேர்ந்து நிக்கேண்ணே. இடுப்பு விட்டுப் போவுது, அண்ணாச்சி சொன்னது சரிதான். எத்தனயோ பேரு போறாங்க வாராங்க. ஒருத்தரு கூட எந்த ஊரும்மான்னு கேக்க மாட்டுக்காங்க."

பிறகு கேட்டாள். "அந்த ஏழாவது வாசக்காரன் எந்த ஊருன்னு இப்பவாவது சொல்லுங்க."

"சுரண்டை" என்றேன்.

வண்டிச் சத்தத்துக்கு நடுவே சிரித்தாள். "இத அன்னைக்கே சொல்லிருந்தா உள்ள போயிருப்போம்லா! லீவுக்கு வாரேன், முடிச்சிருவோம்."

லீவுக்கு வந்தாள், ஒரு கல்யாணத்துக்காக இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது, யாரும் தடை போடவில்லை. அப்புறம் அவளுக்குக் கல்யாணம், ஊர் மாற்றம், எண் மாற்றம். அண்ணாச்சி மூட்டுவலியோடு திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கணேசன் வேனை விற்றுவிட்டு, தினமும் எனக்குப் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறான். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் போட்ட கடை வரிசை. மழையைப் பூட்டிய அரசன் ஏழாவது வாசலுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறான். நான் பட்டம் வாங்கிவிட்டேன், அதற்குப் பிறகு ஒரு டஜன் கதைகளைத் தொடங்கி முடித்தும்விட்டேன். புதிதாக ஆடுகிறவர்கள் சுறுசுறுப்பானவர்கள், ஒரு வாசலுக்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த போனுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கதையிலும் வாசலில் ஓர் ஆளை நிறுத்தினால், அவன் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிவைத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பு பட்டுச் செத்தவனும் சுரண்டைக்காரன்தான்.