விண்வெளியிலிருந்து ஒரு வரப்பு

என் கல்யாணத்துக்குச் சித்தப்பாவை அழைப்பதா வேண்டாமா என்பதை விண்வெளியிலிருந்துதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பொது வரப்பைச் சித்தப்பா ஒரு சாண் வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டார் என்பது என்னைப் பெற்ற அய்யாவின் கட்சி. தொடவே இல்லை என்பது சித்தப்பாவின் கட்சி. மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. சர்வேயர் வந்து அளந்தும் இருவருக்கும் திருப்தியில்லை. என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் சித்தப்பா. அவர் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ள எனக்கு மனசே இல்லை. அழுதுகூடப் பார்த்தேன்.

திருவாடானை கம்ப்யூட்டர் சென்டரில் பூமியையே மேலிருந்து பார்க்கலாம் என்று அப்போதுதான் யாரோ சொல்லிவைத்தார்கள். அய்யா விடுவாரா? காலையிலேயே அம்மாவை வயலுக்கு அனுப்பினார். மேலிருந்து பார்த்தால் இடம் அடையாளம் தெரிய வேண்டுமாம். நாங்கள் திரும்பி வரும்வரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்க உத்தரவு. என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சென்டர் நடத்திய பெண் முதலில் முழுப் பூமியைக் காட்டினாள். கறுப்புக்கு நடுவே நீல உருண்டை. அய்யா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோயிலிலும் தாசில்தார் முன்னாலும் மட்டும் செய்கிற மரியாதை அது. இதுதான் சமயம் என்று, இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு சாண் எம்மாத்திரம் என்று நைசாக எடுத்துவிட்டேன்.

"அது கெடக்கு. நம்ம வரப்பு எங்கன தாயி?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

உருண்டை சுழன்று கிட்டே வந்தது. இலங்கை, பாம்பன், தொண்டி, எங்கள் ஊர். கண்மாய் ஒரு சாம்பல் திட்டு. வயல்களெல்லாம் ஒரே கலங்கல். வரப்புமில்லை, வேட்டியுமில்லை, அம்மாவுமில்லை. இது எப்போதோ எடுத்த பழைய படம் என்றாள் அந்தப் பெண்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்குப் போனோம். உச்சி வெயிலில் அம்மா வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனையில் சித்தப்பா. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், துணி சுருங்கினால் மேலே அளவு தப்பாகத் தெரியும் என்று தானும் வந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாராம். அண்ணன் தம்பி இருவருக்கும் அறிவில் மட்டும் பாகப்பிரிவினை நடக்கவே இல்லை.

"அண்ணே, நான் தெரிஞ்சேனா?" என்றார் சித்தப்பா.

அய்யா அவர் காலைப் பார்த்தார்.

"நல்லாத் தெரிஞ்சடா. காலுல செருப்புகூட இல்லாம நிக்கிற. கல்யாணத்துக்கு நாலு நாளு முந்தியே வந்துரு."