மட்டையில் பதினோராவது கையெழுத்து

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது நான் ஒரு கடிதத்தின் நடுவில் இருந்தேன். பேசியது ரோஸ்லினின் தம்பி அந்தோணி. "அக்கா போயிடுச்சுக்கா" என்றார். மீதிக் கடிதத்தையும் தட்டச்சு செய்து மேலாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

தியாகராய நகர் அலுவலகத்தில் எட்டு வருடங்கள் நானும் ரோஸ்லினும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் தட்டச்சு செய்தோம். அவள் சாந்தோம், நான் மயிலாப்பூர். வீடு திரும்பும்போது ஒரே பேருந்து. கிரிக்கெட் என்றால் எனக்கு வானொலியில் கேட்கும் ஸ்கோர். அவளுக்கோ சேப்பாக்கத்தில் காலை வலைப்பயிற்சியைப் போய்ப் பார்த்துவிட்டு அலுவலகம் வருகிற அளவுக்குப் பைத்தியம்.

கையெழுத்து சேர்க்கத் தொடங்கியது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். ஒரு மட்டை வாங்கி, நம் மாநில அணியில் பதினொரு பேரிடமும் அதில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினாள். முதல் கையெழுத்தே வீணாயிற்று. எண்ணெய் பூசிய மட்டையில் பேனா மை ஊறிப் பரவிவிட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். மறுநாள் பார்சல்களில் முகவரி எழுதும் கறுப்பு மார்க்கரை அலுவலகத் தபால் பிரிவில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே ஆட்டக்காரர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டுக் கொடுத்தாராம்.

கேட்பதற்கும் அவளிடம் ஒரு முறை இருந்தது. அவுட்டாகி வருகிறவரிடம் அன்றைக்குக் கேட்கமாட்டாள். சாப்பிடுகிறவரிடம் கேட்கமாட்டாள். "அவங்க கை ஓய்வா இருக்கணும்டி. நம்ம அவசரம் அவங்களுக்கு இன்னாத்துக்கு?" என்பாள். அப்படிப் பொறுத்துப் பொறுத்து ஒரு வருடத்தில் பத்துப் பேரிடம் வாங்கிவிட்டாள். விக்கெட் கீப்பர் மட்டும் பாக்கி. அவர் விளையாட்டை விட்டு விலகப்போகும் கடைசி ஆட்டத்தன்று அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மட்டையை என்னிடம் கொடுத்து, "நீ போயேன் கௌரி" என்றாள்.

அவளைத் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மைதானத்தின் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். புடவை கட்டிக்கொண்டு கையில் மட்டையோடு நிற்பவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் வெளியே வரத் தொடங்கிய நேரத்தில் என் கணவரின் சித்தப்பா அந்த வழியாக வந்தார். "இங்க என்னம்மா பண்ணிண்டிருக்கே? ஆத்துல தெரியுமோ?" என்று கேட்டார். அடுத்த நிமிடம் நான் அவரோடு ஆட்டோவில் இருந்தேன்.

அம்மா படுக்கையில் கிடக்கிறபோது ரோஸ்லினிடம் 'கிடைக்கவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அந்தக் கீப்பரின் கையெழுத்து அச்சாகியிருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதிப் பழகி, மட்டையில் நானே போட்டேன். மருத்துவமனை வராந்தாவில் அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

இரண்டு வருடம் அந்த மட்டை அவள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. பிறகு அடையாறில் ஒரு பள்ளி விழாவுக்கு அந்தக் கீப்பர் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று கேள்விப்பட்டு, மட்டையை அவரிடமே காட்ட எடுத்துப் போனாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்டதில்லையேம்மா" என்றார். சுற்றிலும் ஆசிரியர்கள். அதன் பக்கத்தில் இப்போதே போட்டுத் தருகிறேன் என்று அவர் பேனாவை எடுத்தபோது, வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் குரலை உயர்த்தவில்லை. "கெடைக்கலன்னு சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? சரின்னு உட்டிருப்பேன். அவ்ளோதானே, கௌரி" என்றாள். அதன் பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. பேருந்திலும் முன்பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அந்த மட்டையை அவள் கழற்றவில்லை. அதன் கீழே ஒரு சீட்டு ஒட்டினாள்: 'பத்து கையெழுத்து உண்மை. ஒன்று இல்லை.' அந்த ஒன்று யார் போட்டது என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்னதே இல்லை. அந்தோணிக்குக்கூடத் தெரியாது. நான்தான் போட்டேன்.

ஏழாவது மாதம் ஒரு மதியம், என் மேசை ஓரமாக வந்து நின்றாள். "சனிக்கிழம எழும்பூர்ல பொம்பளைங்க ஹாக்கி கீது. வரியா?" என்றாள். போனோம். ஆட்டம் முடிந்ததும் கோல் காத்த பெண்ணிடம், கையோடு வாங்கி வந்திருந்த ஒரு ஹாக்கி மட்டையை நீட்டினாள். அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. எப்படிப் போடுவது என்று தெரியாமல் தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் முழுதாக எழுதினாள். எழுதி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் ரோஸ்லின் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். பழைய விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

நோய் முற்றிய பிறகு பாலவாக்கத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். போன திங்கட்கிழமை போனேன். குரல் மிகவும் இறங்கியிருந்தது. கிளம்பும்போது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அலுவலகத்திலோ கணக்கு முடிக்கிற வாரம். முடியாது, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சிரித்தாள்.

"சரி" என்றாள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பாலவாக்கம் போனேன். அந்தோணி கதவைத் திறந்தார். எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அவள் சேர்த்த மட்டைகள், பந்துகள், கையுறைகள் எல்லாம் அவரிடமே இருக்கட்டும். அந்த ஒரு 'சரி' மட்டும் எனக்குப் போதும்.