எந்தச் சாவி?

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் கேலியாக வைத்த பெயர் கும்பகர்ணன். தூங்கவே மாட்டான் என்பதால். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்ததற்கும் கொட்டாவி விடாமல் நிற்பான். "வீட்ல முள்ளு மேலயா படுக்க வைக்கிறே, தங்கச்சி?" என்று லோடுமேன் அவன் மனைவியைக் கேலி செய்வார். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அவன் இளைத்துப்போனதையும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததையும் வேலைப் பளு என்று தள்ளிவிட்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு, மண்டை பிளக்கிறது என்று வண்டியை விட்டு இறங்கியவன் அப்படியே சரிந்துவிட்டான். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை யாருடையதோ போலக் கிடந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "சாவி."

வீட்டுச் சாவியை எடுத்து இடது கையில் வைத்தாள். தட்டிவிட்டான். பீரோ சாவியைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி, "சாவி."

டாக்டர் ஸ்கேனோடு வந்தார். "மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. முப்பத்தாறு வயசுல இது சும்மா வராது. ஏதாவது போதைப் பழக்கம்?"

"டீயைத் தவிர எதையும் தொட மாட்டார், டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள என்ன போயிருக்குன்னு தெரிஞ்சுதான் நான் மருந்து குடுக்கணும்."

வெளியே, அவனைக் கொண்டுவந்து சேர்த்த லோடுமேன் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, எந்தச் சாவியக் கேக்கறார்? வண்டிச் சாவியா?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிற மனிதர் குரலைத் தாழ்த்தினார். "அது மாத்திரை, தங்கச்சி. பொம்மைக்குச் சாவி குடுத்தா ஓடிட்டே இருக்கும்ல, அந்த மாதிரி. தூக்கமே வராது. நாங்க அப்படித்தான் பேசிக்குவோம்."

"உள்ள வந்து டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"போலீஸ் வரும். எங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"வேலைக்குப் போக அவர் இருக்கணும்ல?"

அவர் கை தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், அவருடைய சட்டைப் பையில் கைவிட்டாள். காகிதத்தில் மடித்த நாலு மாத்திரைகள். அவர் தடுக்கவும் இல்லை.

அவள் உள்ளே கொண்டுபோய் நீட்டியதை டாக்டர் விரித்துப் பார்த்தார். எடுத்து வைத்திருந்த ஊசியைக் கீழே வைக்கும்படி நர்ஸிடம் கை காட்டினார். "இதோட அந்த ஊசி சேராது. எத்தனை போட்டார்? எவ்வளவு நாளா?"

அவளுக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து மெஷின் விடாமல் கத்தியது.

"காலையில மூணு, டாக்டர்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "எட்டு மாசமா தினமும். நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் எழுதத் தொடங்கினார்.