பளபளத்த இரண்டு கிலோ

வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தால் பெண் எதற்கு உருப்படும் என்று தராசுக்காரரைக் கேட்காதவர் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அவர் படித்தது நாலு வகுப்பு, அதிலும் பாதி நாள் வெளியில் நின்ற நாள். ஆனால் ஒரு எடைக்கல்லைக் கையில் வாங்கினாரென்றால் போதும், "மூணு கிராம் கம்மி, வச்சுட்டுப் போ" என்பார். தட்டில் போட்டால் மூன்று கிராம்தான் குறையும். இந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடம் கொடுத்தது?

மளிகைக்கடை, மருந்துக்கடை, கறிக்கடை எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கற்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாக வேண்டும். தன்னுடைய பித்தளை மூலக்கற்களோடு ஒப்பிட்டு, கூடினால் அராவி, குறைந்தால் அடிக்குழியில் ஈயம் ஊற்றிச் சரிசெய்து கொடுப்பார். கடைகளின் பட்டியல் எல்லாம் மண்டைக்குள். நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது மறதிக்காரன் வேலை என்பார்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கணக்கு வரவில்லை என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தராசுக்காரர் போனார். வகுப்பு அலமாரியில் இருந்த சின்னத் தராசை எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"தண்டு வளைஞ்சிருக்கு டீச்சர். இதை வச்சுக்கிட்டு எம் பொண்ணுக்குக் கணக்கு வரலைங்கிறீங்களா?"

பையோடு பெண்ணைக் கூட்டிவந்துவிட்டார். பத்தாவது வரை படித்த மனைவியிடம், "எழுத்து உன் பாடு, எடை என் பாடு" என்று சொல்லிவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

காலையில் முதல் பாடம் கல் தேய்ப்பது. செங்கல் தூளும் ஈரத்துணியும் வைத்துக்கொண்டு, மூலக்கல்லில் முகம் தெரிகிறவரை தேய்க்க வேண்டும். அடுத்த பாடம் ஆறு கற்கள். அதில் ஒன்றை அடியில் குடைந்து வைத்திருப்பார். கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் இரண்டு கிலோ மூலக்கல்லை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் ஒரு தராசைக் கழற்றிப் பூட்டி முடிக்கிறவரை.

"முழங்கை மடங்கக் கூடாது. கண்ணுல தண்ணி வந்தா துடைச்சுக்க இன்னொரு கை இருக்குல்ல?"

"பிள்ளையா, தராசுத் தண்டாங்க அது?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"தண்டு மாதிரி நின்னாதான் நாளைக்கு நாலு பேரு மதிப்பாங்க."

பத்து வயதில் அவள் தப்புச் சொல்வதை நிறுத்தினாள். அழுவதையும் நிறுத்தினாள். தனித்தேர்வு எழுதினாள், மேலே படித்தாள், கடைசியில் எடை அளவு அலுவலகத்துக்கான தேர்வில் முதலாவதாக வந்தாள். அதே ஊருக்கே ஆய்வாளராகப் போட்டார்கள். பள்ளிக்கூட மணியைக் கேட்டே வளர்ந்தவர்கள் பெற்ற பிள்ளைகளில் ஒன்றாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்ததா? "வீட்டுப் படிப்பு எதுக்கு உருப்படும்னு கேட்டீங்களே, போய்ப் பாருங்க" என்று தராசுக்காரர் டீக்கடையில் நின்று சொன்னார்.

அந்த ஆண்டு ரிப்பேர்க்காரர்கள் தங்கள் மூலக்கற்களுக்கு முத்திரை வாங்கும் நாள் வந்தது. முத்திரை இல்லாவிட்டால் உரிமம் இல்லை, கடை இல்லை. கூடத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் பழைய அதிகாரி. பதினைந்து ஆண்டாகத் தராசுக்காரரின் கற்களை எடை போடாமலேயே முத்திரை வைத்தவர் அவர். இன்னொன்றில் மகள்.

"இப்படி வாங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார் பழைய அதிகாரி.

"இல்லைங்க சார். எம் பொண்ணு கையால வாங்கணும்."

பின்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார். "அண்ணன் இன்னைக்கு மாலையோட வந்திருக்கணும்" என்றான் ஒருவன். தராசுக்காரர் கற்களை வரிசையாக அடுக்கினார். இரண்டு கிலோ கண்ணாடிபோல் மின்னியது.

மகள் அதைத் தட்டில் வைத்தாள். எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"நாலு கிராம் கம்மி."

"உன் தராசைப் பாரு பாப்பா."

"காலையில பாத்துட்டேன். இது தேஞ்ச கல்லுப்பா. வருஷக்கணக்கா தினமும் செங்கல் தூள் போட்டுத் தேச்சது. தேச்சவளுக்குத் தெரியாதா?"

தராசுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஓரமா வச்சிரு. சாயங்காலம் ஈயம் ஊத்திக் கொண்டாரேன்."

"கல்லு யாருதுன்னு பாக்காதே, எடையைப் பாருன்னு சொன்னது நீங்கதான்."

சின்ன உளியை எடுத்துப் பழைய முத்திரைகளின் மேல் குறுக்கே ஒரு கோடு வெட்டினாள். பித்தளையில் அந்தக் கோடு பச்சைப் புண் போல இருந்தது. இந்தக் கல்லைப் பார்த்துச் சரிசெய்த ஊர்க் கல் எல்லாம் அதே அளவு குறை. பதினைந்து ஆண்டாக வாங்கின ஒவ்வொருவருக்கும் குறை. அவர் சரியென்று கொடுத்த குறை.

தராசுக்காரர் கல்லைத் தட்டிலிருந்து பிடுங்கினார். கையை நீட்டி எல்லாருக்கும் காட்டினார்.

"எங்கிட்டயே எடை சொல்றியா? இந்தக் கைக்குத் தெரியாதா? ரெண்டு கிலோ. ஒரு இம்மி குறையாது."

அந்தக் கை எடை பழகியதே அந்தக் கல்லை வைத்துத்தான். தினமும் தொட்டதால் அது தேய்ந்தது கைக்குத் தெரியாமலேயே போயிற்று.

மகள் வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள். "சரி, பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. இந்தக் கல்லை வச்சு எந்தெந்தக் கடைக்குச் சரிபண்ணீங்கன்னு எழுதணும். அங்க உள்ள கல்லையெல்லாம் பறிமுதல் பண்ணணும். நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

நோட்டு ஏது?

"அப்ப வாயால சொல்லுங்க."

"மூலை மருந்துக்கடை" என்றார் அவர்.

அம்மா பழக்கிய குண்டு எழுத்து. அவசரமே இல்லாமல் எழுதினாள். மருந்துக்கடை, மளிகைக்கடை, எதிர்ச் சாரியில் கறிக்கடை. ஏழாவது கடையில் கல் கனக்கத் தொடங்கியது. இறக்கினால் பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். இறக்கவில்லை.

"சார், அண்ணனுக்கு வேர்க்குது" என்றான் மாலையோடு வந்திருக்க வேண்டும் என்று சொன்னவன். பழைய அதிகாரி தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் நிமிர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"முழங்கை மடங்குதுப்பா" என்றாள். "அடுத்த கடை?"